ஆலைத் தொழிலாளர் எழுப்பிய கோபுரம்

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், ரிபிள் ஆற்றின் வடகரையில் இருக்கிறது பிரெஸ்டன் என்ற பழைய பஞ்சாலை நகரம். அதன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், மாட்லண்ட்ஸ் பகுதியில், புனித வால்பர்கா ஆலயம் நிற்கிறது. அதன் கூம்புக் கோபுரத்தின் உயரம் 309 அடி. பிரிட்டனில் இதைவிட உயரமான கூம்புக் கோபுரம் கொண்ட ஆலயங்கள் சால்ஸ்பரியிலும் நாரிச்சிலும் மட்டுமே உள்ளன. அவை இரண்டும் பேராலயங்கள். பங்கு ஆலயம் என்ற வகையில் இங்கிலாந்தில் இதை மிஞ்சியது கிடையாது. அந்தப் பேராலயங்கள், ஆயர்களின் கையில் நிலமும் வருவாயும் குவிந்திருந்த இடைக்காலத்தில் எழுந்தவை. பிரெஸ்டன் கோபுரமோ 19ஆம் நூற்றாண்டில், நூல் நூற்றும் தறி ஓட்டியும் பிழைத்தவர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவே எழுந்தது. அதுவும் கத்தோலிக்கர் திருப்பலி கேட்பதே குற்றமாக இருந்த ஒரு நாட்டில்.

எட்டாம் ஹென்றி 1534இல் ரோமுடனான உறவை முறித்துக்கொண்டு, தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவனாக அறிவித்தான். அவன் மகள் எலிசபெத்தின் ஆட்சியில் அந்த முறிவு நிலைத்துவிட்டது. ஊர்தோறும் இருந்த பழைய பங்கு ஆலயங்கள் கட்டடத்தோடும் கல்லறைத் தோட்டத்தோடும் அரசுத் திருச்சபையின் கைக்குப் போயின. அங்கே வழிபட மறுத்தவர்களுக்கு அபராதம். 1581இல் அது மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்ந்தது. ஓரளவு வசதியுள்ள குடும்பத்தையும் சில ஆண்டுகளில் ஓட்டாண்டியாக்கிவிடும் தொகை. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வருவது ராஜத் துரோகம் என்று 1585இல் சட்டம் வந்தது. அதற்குத் தண்டனை மரணம். குருக்கள் வணிகர் வேடத்தில் வந்தார்கள், மாளிகைகளின் சுவருக்குள் அமைத்த மறைவிடங்களில் பதுங்கினார்கள், விடியுமுன் பூசை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள்.

நாட்டின் பிற பகுதிகளில் பழைய மதம் ஒடுங்கிப்போனபோதும் லங்காஷயரில் அது தங்கிவிட்டது. தலைநகரிலிருந்து தொலைவு, மோசமான பாதைகள், பரப்பளவில் மிகப் பெரிய பங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தோலிக்கராகவே நீடித்த நிலக்கிழார்க் குடும்பங்கள் என்று இதற்குப் பல காரணங்கள். கிழார் மதம் மாறாதவரை அவருடைய குத்தகையாளர்களும் வேலையாட்களும் மாறவில்லை. ஆனாலும் இழப்பு இல்லாமல் இல்லை. எட்மண்ட் ஆரோஸ்மித் என்ற இயேசு சபைக் குரு 1628இல் லங்காஸ்டரில் தூக்கிலிடப்பட்டார். பிரெஸ்டனுக்கு அருகிலுள்ள சாம்லஸ்பரியைச் சேர்ந்த ஜான் சவுத்வர்த் 1654இல் லண்டனில் கொல்லப்பட்டார். 1715 நவம்பரில் ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்றக் கிளம்பிய படை பிரெஸ்டனில் சரணடைந்தது. அதில் சேர்ந்திருந்த உள்ளூர்க் கத்தோலிக்கக் கனவான்கள் பலர் நிலத்தை இழந்தனர், சிலர் உயிரையும் இழந்தனர்.

அதன் பிறகு கத்தோலிக்க வாழ்வின் மையம் மாளிகையிலிருந்து நகரத்துக்கு நகரத் தொடங்கியது. பிரெஸ்டனின் ஃப்ரையர்கேட் தெருவில் 1761இல் புனித மரியா சிற்றாலயம் எழுந்தது. சட்டம் அப்போதும் மாறியிருக்கவில்லை. அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டதுதான் காலமாற்றம். அந்தச் சலுகையும் உறுதியானதாக இல்லை. 1768 தேர்தல் கலவரத்தில் ஒரு கும்பல் அந்தச் சிற்றாலயத்தைச் சூறையாடியது.

1791ஆம் ஆண்டுச் சட்டம்தான் கத்தோலிக்க வழிபாட்டு இடங்களை முதன்முதலாக அங்கீகரித்தது. ஆனால் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், வழிபாட்டின்போது கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. கோபுரமும் மணியும் உள்ள கட்டடத்தில் பூசை செய்யும் குருவுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றும் அது சொன்னது. கத்தோலிக்கர் வழிபடலாம், ஆனால் தெருவில் போகிறவர் கண்ணுக்கும் காதுக்கும் அது எட்டக் கூடாது. அக்காலத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் வெளிப்பார்வைக்குக் கூட்ட அரங்கு போலவோ பெரிய வீடு போலவோ இருந்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமல்ல.

பிரெஸ்டனில் 1793இல் திறக்கப்பட்ட புனித வில்ஃப்ரிட் ஆலயம் அந்தக் காலத்துக் கட்டடம். அதைக் கட்டியவர் ஜோசப் டன் என்ற குரு. ஊரார் அவரை ‘டாடி டன்’ என்றே அழைத்தார்கள். ஊர்க் காரியங்களில் அவருக்கிருந்த ஈடுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்: லண்டனுக்கு வெளியே எரிவாயு விளக்கு முதலில் ஒளிர்ந்த இங்கிலாந்து நகரம் பிரெஸ்டன் என்பார்கள், 1815இல் அதற்கான கம்பெனியைத் தொடங்கியவர்களில் இந்தக் குருவும் ஒருவர். இருநூறாண்டுகள் ஒளிந்து வாழ்ந்த ஒரு வகுப்பைச் சேர்ந்தவர் தெருவுக்கு விளக்குப் போட்டதில், எந்தச் சட்டமும் செய்திருக்க முடியாத ஒரு சமாதானம் இருந்தது.

இதற்கிடையே ஊரே உருமாறிக்கொண்டிருந்தது. நூற்பு இயந்திரத்தால் பெயர் பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732இல் பிறந்தது பிரெஸ்டனில்தான். 1790களில் ஜான் ஹாரக்ஸ் இங்கே பஞ்சாலைகளை நிறுவினார். 1801இல் ஏறத்தாழ 12,000 பேர் இருந்த ஊரில் 1851இல் 69,000 பேருக்கு மேல் இருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அந்தக் கிராமங்களில் பல, பழைய மதத்தைக் கைவிடாதவை. லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் கத்தோலிக்கர் என்றால் பெரும்பாலும் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர். பிரெஸ்டனிலும் அவர்கள் இருந்தார்கள் என்றாலும், இங்கே சமூகத்தின் அடித்தளம் உள்ளூர் லங்காஷயர்க் குடும்பங்கள்தான். அந்நியர் மதம் என்ற ஏச்சு இங்கே அவ்வளவாக எடுபடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

1829இல் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. அவர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரலாம் என்றானது. அதன் விளைவு பிரெஸ்டனில் கல்லாகவே தெரிந்தது. 1836இல் புனித இக்னேசியஸ் ஆலயம் கூம்புக் கோபுரத்தோடு எழுந்தது. 1840இல் புனித அகுஸ்தீன் ஆலயம் திறக்கப்பட்டது. அடுத்ததாக மேற்குப் பக்கத்தில், கால்வாயும் ரயில் பாதையும் ஆலைகளும் நெருங்கிய மாட்லண்ட்ஸ் பகுதிக்கும் ஓர் ஆலயம் தேவைப்பட்டது. இடைக்காலத்தில் மகதலா மரியாளின் பெயரால் தொழுநோயாளர் விடுதி இருந்த இடம் அது.

வால்பர்கா என்ற பெயர் இங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் சுற்றுவழி. அவர் 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்கு நற்செய்திப் பணிக்குப் போய், அங்கே மடத்துத் தலைவியாக இருந்து மறைந்தவர். ஐக்ஸ்டாட் நகரில் அவருடைய கல்லறையில் கசியும் நீர்மத்தை எண்ணெய் என்று சொல்லிப் பக்தர்கள் பெற்றுப் போவது நெடுங்கால வழக்கம். 1840களில் புனித வில்ஃப்ரிட் ஆலயக் குருக்கள் இல்லத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் அடிபட்ட முழங்கால், அந்த எண்ணெயைத் தடவியதும் குணமாயிற்று என்று செய்தி பரவியது. புதிய ஆலயத்துக்கு அந்தப் புனிதையின் பெயரை வைக்க அதுவே காரணமாயிற்று.

கட்டடக் கலைஞர் ஜோசப் அலோசியஸ் ஹான்சம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. ஹோம்ஸ் அடிக்கடி ஏறிப் போகும் ‘ஹான்சம்’ குதிரை வண்டிக்கு 1834இல் காப்புரிமை பெற்றவர் இவரே. யார்க்கில் பிறந்த கத்தோலிக்கர். பர்மிங்ஹாம் நகர மண்டபத்தைக் கட்டும் ஒப்பந்தத்தில் பிணை நின்று திவாலானவர். வண்டியாலும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. அந்தத் தோல்விகளுக்குப் பிறகு அவர் பிரெஸ்டனுக்குக் குடிவந்திருந்த சமயத்தில்தான் இயேசு சபையினர் இந்தப் பணியை அவரிடம் கொடுத்தார்கள். 1850இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஹான்சம் வடிவமைத்த கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. பக்கச் சிறகுகள் இல்லாத ஒரே நீண்ட அறை. அதன் முழு அகலத்தையும் மரக் கூரை ஒன்று ஒரே தாவலில் மூடுகிறது. இருபுறச் சுவர்களிலிருந்தும் நீளும் மரக்கைகள் மேலேயுள்ள வளைவுகளைத் தாங்க, கைகளின் நுனியில் செதுக்கிய புனிதர் உருவங்கள் கீழே பார்த்தபடி நிற்கின்றன. இங்கிலாந்தின் பழைய அரண்மனைக் கூடங்களில் இருந்த கூரை முறை இது. தூண் இல்லாததால் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் பீடம் மறைவதில்லை. மறையுரைக்கு முதலிடம் கொடுத்த இயேசு சபைக்கு இது வேண்டிய ஏற்பாடுதான். ஆயினும் கட்டடத்துக்குள் நுழைகிறவருக்கு முதலில் உறைப்பது வசதியல்ல, அதன் பிரமாண்டம். ஒரு தொழிலாளர் பங்குக்கு இவ்வளவு பெரிய கூடம் தேவைதானா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டியது. ஞாயிறு காலைகளில் அது நிரம்பி வழிந்ததால் எழவில்லை.

கட்டுமானம் நடந்த ஆண்டுகள் பிரெஸ்டனுக்கு நல்ல ஆண்டுகள் அல்ல. முன்பு வெட்டிய கூலியில் பத்து விழுக்காட்டைத் திருப்பித் தரக் கோரித் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். 1853 அக்டோபரில் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து ஆலைகளைப் பூட்டிவிட்டார்கள். கதவடைப்பும் வேலைநிறுத்தமும் 1854 வசந்தம் வரை நீடித்தன; இறுதியில் தொழிலாளர்கள் தோற்று, பழைய கூலிக்கே திரும்பினார்கள். போராட்டத்தின் நடுவே, 1854 ஜனவரி கடைசியில், சார்லஸ் டிக்கன்ஸ் பிரெஸ்டனுக்கு வந்து கூட்டங்களைப் பார்த்து எழுதினார். அவருடைய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் அந்த ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்தது. தொடர் முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 3ஆம் தேதி, புனித வால்பர்கா ஆலயம் திறக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில் பணம் எங்கிருந்து வந்தது? அதே காலத்தில் ஸ்டாஃபர்ட்ஷயரின் சீடில் ஊரில் எழுந்த புனித கில்ஸ் ஆலயத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஷ்ரூஸ்பரிப் பிரபு தன் செல்வத்தைக் கொட்ட, பியூஜின் என்ற கலைஞர் அங்குலம் விடாமல் வண்ணமும் பொன்னும் பூசி 1846இல் முடித்த ஆலயம் அது. பிரெஸ்டனுக்கு அப்படி ஒரு பிரபு இல்லை. இங்கிலாந்தின் கத்தோலிக்கத் தொழிலாளர் பங்குகள் பலவும் பென்னிகளால் கட்டப்பட்டவை. கூலி நாளை அடுத்து வசூல்காரர்கள் வீடு வீடாகப் போவார்கள். உள்ளே முன்வரிசை இருக்கைகளுக்கு வாடகை உண்டு. பெருவிழாக்களில் சிறப்புக் காணிக்கை, பெயர்பெற்ற குருவை அழைத்து வைக்கும் மறையுரைக்கு நுழைவுக் காசு என்று எல்லா வழியிலும் காசு சேர்ந்தது. மீதி கடன். கடன் அடையாத ஆலயத்தை ஆயர் முறைப்படி அர்ச்சிக்கக் கூடாது என்ற விதி இருந்ததால், திறந்து பல பத்தாண்டுகள் கழித்தே அர்ச்சிக்கப்பட்ட ஆலயங்கள் இங்கிலாந்தில் ஏராளம். ஆலயத்தைவிடப் பள்ளிக்கூடம் முதலில் வேண்டும் என்று 1852இல் ஆயர்கள் மாமன்றம் கூடி அறிவுறுத்தியது. அந்தப் பள்ளிகளின் பாரமும் இதே பென்னிகளின் தலையில்தான் விழுந்தது.

ஆலயம் திறந்தபோது கோபுரம் முடியவில்லை. அது 1860களில்தான் உயர்ந்தது. 1867க்குள் உச்சியைத் தொட்டது. ஆலயத்தின் உடல் பழுப்பு நிறக் கல். கோபுரம் வெளிறிய சுண்ணாம்புக்கல். இரண்டும் வேறு வேறு கட்டடங்களோ என்று தோன்றும் அளவுக்கு நிறம் மாறுகிறது. அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு கதை உண்டு. பிரெஸ்டனிலிருந்து லாங்ரிட்ஜ் கல்குவாரிகளுக்கு 1840இல் போட்ட ரயில் பாதையில், தண்டவாளத்தைத் தாங்கியவை கற்கட்டைகள். முதலில் அதில் ஓடியது குதிரை: வண்டிகளை மேட்டுக்கு இழுத்துப் போகும், கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கி வரும். தண்டவாளங்களுக்கு நடுவே குதிரை நடக்க வழி விட வேண்டும் என்பதால், குறுக்குக் கட்டைகளுக்குப் பதில் தனித்தனிக் கற்களைப் பதிப்பது அன்றைய முறை. 1848இல் நீராவி எஞ்சின் வந்தது. தனிக் கற்கள் அதன் எடைக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுத்துத் தண்டவாளத்தை ஒரே இடைவெளியில் பிடித்து வைப்பதில்லை. மரக் குறுக்குக் கட்டைகளே அதற்குச் சரி. கழித்துப் போட்ட கற்கள் புனித வால்பர்கா கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கோபுரம் ஏறிய அந்தப் பத்தாண்டுதான் லங்காஷயர் வரலாற்றின் மிகக் கொடிய காலம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு தென் மாநிலங்களின் பருத்தி வரத்து நின்றது. ஆலைகள் மூடின, வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. பிரெஸ்டன் கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. இன்றும் அழகாக இருக்கும் அவன்ஹாம், மில்லர் பூங்காக்கள் வேலையிழந்த தொழிலாளர்களைக் கொண்டு அமைக்கப்பட்டவை. அமெரிக்கப் பருத்திக்குப் பதிலாக இந்தியப் பருத்தி வந்தது. ‘சூரத்’ என்று ஒட்டுமொத்தமாகப் பெயரிடப்பட்ட அந்தக் குட்டை இழைப் பருத்தி அடிக்கடி அறுந்து, துண்டுக்குக் கூலி வாங்கியவர்களின் வருமானத்தைக் குறைத்தது. லங்காஷயர் நெசவாளர்கள் அதைச் சபித்தார்கள். அதே ஆண்டுகளில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய திருநெல்வேலிப் பருத்திக்கு முன்பு கண்டிராத விலை கிடைத்தது. அந்தப் பஞ்ச காலத்துக்கு நடுவிலும் கோபுர வேலை கைவிடப்படாததைப் பக்தி என்றும் சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம்.

1867இல் ஊரின் வடக்கே, 1715 கிளர்ச்சிக்காரர்கள் தூக்கிலிடப்பட்ட மேட்டில், ஆங்கிலேய மறைசாட்சிகள் ஆலயமும் திறக்கப்பட்டது. சீடில் பியூஜினின் மகன் எட்வர்டு அதன் கலைஞர். புனித வால்பர்காவில் 1873இல் பீடத்தின் பின்புறம் பல கோண வடிவில் நீட்டிக் கட்டப்பட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவற்றில் எதுவுமே அப்போது திருச்சபைச் சட்டப்படி ‘பங்கு’ அல்ல. 1850இல் ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவியபோதும், நாடு மறைபரப்பு நாடாகவே கருதப்பட்டு 1908 வரை ரோமின் மறைபரப்புத் துறையின் கீழ் இருந்தது. 309 அடிக் கோபுரம் கொண்ட ஆலயமும் ஏட்டில் ஒரு ‘மிஷன்’தான். புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த 1918இல்தான் அவை முறையான பங்குகளாயின. மக்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. திருமுழுக்கு, பள்ளி, நோய்க்கும் சாவுக்கும் உதவும் சங்கங்கள், கால்பந்து, திருமணம், அடக்கம் என்று வாழ்க்கை முழுவதும் ஆலயத்தைச் சுற்றியே நடந்தது. பிரெஸ்டனில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கில்டு விழாவில் கத்தோலிக்கச் சங்கங்கள் கொடி பிடித்துப் பவனி போவது ஊரின் பெருங்காட்சிகளில் ஒன்றாயிற்று.

வீழ்ச்சி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நெருக்கமான வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் புறநகர்களுக்குப் போனார்கள். போனவர்களின் பிள்ளைகள் கோயிலுக்கு வருவதும் குறைந்தது. புனித அகுஸ்தீன் ஆலயம் 1984இல் மூடப்பட்டது. இத்தனை பெரிய கட்டடத்தின் கூரையைப் பராமரிக்கும் செலவே சில நூறு பேருக்குத் தாங்காது. பென்னிகளால் கட்ட முடிந்ததைப் பென்னிகளால் காப்பாற்ற முடியவில்லை. 2014இல் புனித வால்பர்கா ஆலயத்தைப் பழைய லத்தீன் முறைத் திருப்பலியைப் பேணும் கிறிஸ்து அரசர் குருக்கள் சபையிடம் லங்காஸ்டர் ஆயர் ஒப்படைத்தார். அது இப்போது ஒரு திருத்தலம்.

அதே ஆண்டின் இறுதியில் புனித இக்னேசியஸ் ஆலயமும் மூடப்பட்டது. ‘ஹவுண்ட் ஆஃப் ஹெவன்’ எழுதிய கவிஞர் பிரான்சிஸ் தாம்சன் 1859இல் திருமுழுக்குப் பெற்ற இடம் அது. ஆனால் அது நெடுநாள் பூட்டிக் கிடக்கவில்லை. 2000க்குப் பிறகு பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியராக வந்த கேரளத்துப் பெண்களும் அவர்கள் குடும்பங்களும் லங்காஷயரில் வேரூன்றியிருந்தார்கள். 2015இல் கட்டடம் அவர்கள் சார்ந்த சீரோ மலபார் கத்தோலிக்கச் சமூகத்தின் கைக்கு வந்தது. பரணங்ஙானத்துப் புனித அல்போன்சாவின் பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டனுக்கென்று சீரோ மலபார் மறைமாவட்டம் உருவானபோது அது பேராலயமாக உயர்ந்தது. முதல் ஆயர் ஜோசப் ஸ்ராம்பிக்கலின் திருநிலைப்பாட்டுக்கு வந்த கூட்டத்துக்கு எந்த ஆலயமும் போதாமல், 2016 அக்டோபர் 9 அன்று அந்தச் சடங்கு பிரெஸ்டன் நார்த் எண்ட் கால்பந்து மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் உள்ள சீரோ மலபார் கத்தோலிக்கர் அனைவருக்கும் இன்று தலைமை ஆலயம், 1836இல் பஞ்சாலைத் தொழிலாளருக்காகக் கட்டிய அந்தக் கட்டடமே.